புரவிகள் நிற்கும் காட்டுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வீடுகளைத்தான் பார்க்கிறார்கள். கானாடுகாத்தான் தெருக்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பர்மா தேக்குத் தூண்கள், பிள்ளையார்பட்டியில் தரிசனம், மதியம் இலை போட்டுச் சாப்பாடு. மாலையில் வண்டி ஏறிவிடுகிறார்கள். அந்தத் தெருக்கள் முடிகிற இடத்தில், கண்மாய்க் கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால், மரங்களுக்கு அடியில் சுடுமண் குதிரைகள் வரிசை வரிசையாக நிற்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அய்யனார் கோயில் புரவிகள் அவை. பெருநகரங்களில் புல்தரை போட்டு, வேலி கட்டி, டிக்கெட் கொடுத்து நடத்துகிற சிற்பப் பூங்காக்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் புரவித் திடல்களில் நிற்கும்போது ஏற்படுகிற மலைப்பு எனக்கு அங்கே ஏற்பட்டதில்லை.

இங்கே டிக்கெட் கிடையாது, நேரப் பலகை கிடையாது, வழி சொல்லும் ஆளும் கிடையாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். வெளியூரிலிருந்து வரும் நண்பர்களையும் உறவினர்களையும் பல முறை அழைத்துப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர்கள் கேட்ட கேள்விகளும் தடுமாறிய இடங்களும்தான் கீழே இருப்பவை.

எந்த ஊருக்குப் போவது

முதன்முறை என்றால் இளங்குடிப்பட்டிக்குப் போங்கள். புதுக்கோட்டைக்கும் திருமயத்துக்கும் இடையில் நமணசமுத்திரம் இருக்கிறது. அதை அடுத்த ஊர் இது. கோயிலுக்குப் போகும் பாதையின் இரு பக்கமும் நூற்றுக்கணக்கான புரவிகள் எதிரெதிரே முகம் பார்த்து நிற்கும். நடுவில் நடந்து போகும்போது யாரோ நமக்காக அணிவகுத்து நிற்பது போலவே இருக்கும். ஒரே இடத்தில் இத்தனை புரவிகளை, புதியதும் பழையதுமாக, பார்க்க முடிவதால் கண் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

காரைக்குடியில் தங்குகிறீர்கள் என்றால் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறுங்கள். திருமயம் வழியாகத்தான் போகும். ஏறும்போதே நடத்துநரிடம் நமணசமுத்திரத்தில் நிற்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விரைவாகப் போகும் பஸ்கள் சில நிற்காமல் போய்விடும். அங்கே இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். ரயில் பாதையிலும் நமணசமுத்திரம் ஒரு நிலையம்தான், ஆனால் அங்கே நிற்கிற வண்டிகள் குறைவு. அதை நம்பிப் புறப்பட வேண்டாம். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு எழும்பூரிலிருந்து காரைக்குடி வரை வரும் பல்லவன் விரைவு ரயில் வசதி. விமானத்தில் வருவதானால் மதுரை, திருச்சி இரண்டுமே ஏறத்தாழ ஒரே தொலைவுதான்.

ஆட்டோக்காரரிடம் பேசும்போது ஒரு சொல்லை மறக்காதீர்கள். "குதிரைக் கோயில்" என்று கேட்டால் அவர் எதையாவது நினைத்துக்கொண்டு எங்கேயாவது விட்டுவிடுவார். ஊர்ப் பெயரைச் சொல்லி, "அய்யனார் கோயில், புரவி நிற்குமே, அங்கே" என்று சொல்லுங்கள். திரும்பி வர அவரையே காத்திருக்கச் சொல்லி, காத்திருப்புக்கும் சேர்த்துக் கூலியை முன்பே பேசிவிடுவது நல்லது. காட்டோரத்தில் வேறு வண்டி கிடைப்பது அரிது.

இளங்குடிப்பட்டியைப் பார்த்துவிட்டுப் பெரிய உருவம் ஒன்றையும் பார்க்க வேண்டும் என்று தோன்றினால், செட்டிநாட்டின் எல்லையைத் தாண்டிக் கிழக்கே போக வேண்டும். கீரமங்கலம் பக்கம் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் வாசலில் ஏறத்தாழ 33 அடி உயரத்தில் ஒரு குதிரை பாய்கிற நிலையில் நிற்கிறது. மாசி மகத்தன்று அதற்குக் காகிதப் பூமாலைகளைச் சாத்துவார்கள். குதிரையின் உடலே தெரியாமல் மாலைகளாக மூடிப்போகும். அன்றைக்கு அந்த ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. உருவத்தை அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர்கள் வேறு நாளில் போக வேண்டும். சூளையில் சுட்ட மண்ணின் வேலை வேறு, இந்தப் பெரிய கட்டுமான உருவத்தின் வேலை வேறு. இரண்டையும் ஒரே நாளில் பார்த்து ஒப்பிட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

இவை இரண்டும் பெயர் பெற்றவை. பெயர் பெறாதவை எத்தனையோ. செட்டிநாட்டில் எந்த ஊரில் தங்கினாலும் தேநீர்க் கடையில் "இங்கே பக்கத்தில் புரவி எடுக்கிற கோயில் எது?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று பெயராவது வரும். ஊர் எல்லையிலோ கண்மாய்க் கரையிலோ இருக்கும். அய்யனார் ஊரையும் நீரையும் காப்பவர் என்பதால் அவர் இருப்பிடம் அங்கேதான். இரவில் குதிரை ஏறி எல்லையைச் சுற்றிவருகிறார் என்பது நம்பிக்கை. அவர் ஏறிச் செல்லவும், அவருடன் வரும் கருப்பர் முதலான காவல் தெய்வங்கள் ஏறிச் செல்லவும்தான் இந்தப் புரவிகள்.

எப்போது

டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடிய. வடகிழக்கு மழை ஓய்ந்து, கண்மாயில் நீர் நின்று, காடு பசுமையாக இருக்கும். மழை குடித்த சுடுமண்ணின் செம்மையை அந்த மாதங்களில்தான் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் வராதீர்கள் என்று சொல்ல மாட்டேன், திருவிழாக்கள் பல அப்போதிருந்துதான் தொடங்குகின்றன. ஆனால் வெறுங்காலோடு நடக்க வேண்டிய இடம் இது. காலை ஒன்பது மணிக்கு மேல் தரை நெருப்பாகிவிடும்.

நாளில் நல்ல பொழுது காலை ஆறரை முதல் எட்டரை வரை, அல்லது மாலை நாலரைக்கு மேல். வெயில் சாய்வாக விழும்போதுதான் புரவியின் கழுத்து மணியும் பிடரி மயிரும் வார்ப்பட்டையும் நிழலோடு எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். அப்போது பார்த்துவிட்டு "வெறும் பொம்மைகள்தானே" என்று திரும்பியவர்களை எனக்குத் தெரியும். இருட்டிய பிறகு நிற்க வேண்டாம். ஊரார் நிற்க மாட்டார்கள். பாம்பு ஒரு காரணம், அய்யனாரின் வேட்டை நேரம் அது என்பது இன்னொரு காரணம், இரண்டையும் மதியுங்கள்.

கோயில் பூட்டியிருந்தால் கவலைப்படாதீர்கள். செவ்வாய், வெள்ளி, விசேட நாட்களில் மட்டுமே பூசாரி வந்து திறக்கிற கோயில்கள் பல உண்டு. புரவிகள் வெளியில்தானே நிற்கின்றன. ஆனால் பூசாரி இருக்கும் நாளில் போனால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைக்கும் என்பதால் வெள்ளிக்கிழமைக் காலையை நான் தேர்ந்தெடுப்பேன்.

பையில் என்ன

தண்ணீர், ஒருவருக்கு இரண்டு லிட்டர். தலைக்குத் துண்டு. முள் எடுக்க ஒரு ஊக்கு. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள், திரும்பும்போது கேட்டு வாங்குகிறார்கள். சீமைக்கருவேல முள் குத்தாமல் அந்தத் தரையில் நடந்தவர் குறைவு. ஒரு தேங்காய், வாழைப்பழம், கொஞ்சம் பூ. காட்டுக்குள் கடை இருக்காது, ஊருக்குள்ளேயே வாங்கிக்கொள்ள வேண்டும். கற்பூரம் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் பூசாரி இல்லாதபோது நீங்களாகக் கொளுத்தாதீர்கள். கோடையில் சருகு மெத்தை போலக் கிடக்கும். ஒரு பொறி போதும்.

புலால் உணவு கட்டிக்கொண்டு போக வேண்டாம். அய்யனார் சைவப் படையல் ஏற்பவர். அதே வளாகத்தில் கருப்பருக்குக் கிடாய் வெட்டுவார்கள். அப்போது அய்யனாரின் பார்வை படாமல் திரை போட்டுவிடுவது வழக்கம். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த வேறுபாடு புரிவதில்லை. காரைக்குடியிலிருந்து இட்லி வாங்கிப் போய், திரும்பும் வழியில் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

உள்ளே நுழையும் முன்

செருப்பை எங்கே விடுவது என்பதுதான் முதல் கேள்வி. கோயில் வாசலில் என்று நினைப்பீர்கள். அது தவறு. ஊரார் எங்கே விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பல இடங்களில் புரவி வரிசை தொடங்குகிற இடத்திலேயே, சில ஊர்களில் காட்டின் ஓரத்திலேயே விட்டுவிடுவார்கள். காடு முழுவதும் சாமியின் இடம். ஒரு குச்சியைக்கூட ஒடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருப்பதால்தான் சுற்றிலும் நிலம் பொட்டலாகக் கிடக்க, இங்கே மட்டும் வீரையும் காசானும் உலக்கைப்பாலையும் நின்று நிழல் தருகின்றன. கிழக்குக் கடற்கரையோரச் சமவெளிக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு இன்று பெரும்பாலும் மிஞ்சியிருப்பது இப்படிப்பட்ட கோயில்காடுகளில்தான். பூ அழகாக இருக்கிறது என்று கிளையை வளைக்காதீர்கள்.

யாராவது இருந்தால் முதலில் அவரிடம் பேசுங்கள். பல அய்யனார் கோயில்களில், மண்பாண்டமும் புரவியும் செய்கிற வேளார்களே பூசாரிகள். அந்தப் புரவியைச் செய்தவரோ அவர் மகனோதான் உங்களுக்குத் திருநீறு தருவார். "அய்யா, நாங்கள் வெளியூர், புரவிகளைப் பார்க்க வந்திருக்கிறோம், எதுவரை போகலாம்?" என்று கேட்டால் போதும். அவர் முதலில் எந்த ஊர் என்பார், பிறகு குலதெய்வம் எது என்பார். இது நலம் விசாரிப்பு. தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். என் நண்பர் ஒருவர் தெரியாது என்று சொன்னதும், பூசாரி உட்கார வைத்து அவருடைய தாத்தா ஊரைக் கேட்டு, அந்தப் பக்கம் எந்தெந்தக் கோயில் என்று கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்.

சில கோயில்களில் கருவறைப் பக்கம் பெண்கள் போவதில்லை. சிலவற்றில் வெளியூரார் யாருமே ஓர் எல்லையைத் தாண்டுவதில்லை. இந்த முறைகளில் எனக்கு உடன்பாடில்லாதவையும் உண்டு. ஆனால் விருந்தாளியாகப் போன இடத்தில், வாசலில் நின்று அதைப் பேசித் தீர்த்துக்கொள்ள முடியாது. புரவித் திடலில் நடப்பதற்கு யாரும் தடை சொல்லி நான் பார்த்ததில்லை.

பார்க்கும் முறை

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். போகிறவர்களில் பெரும்பாலோர் வரிசையை ஒரு முறை நடந்து கடந்து, பத்துப் படம் எடுத்து, இருபது நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் ஒரு புரவியை மட்டும் தேர்ந்தெடுத்து அதன் முன்னால் கால் மணி நேரம் நில்லுங்கள்.

முகத்திலிருந்து தொடங்குங்கள். காது நிமிர்ந்திருக்கும். கண் பிதுங்கி விழித்திருக்கும். வாய் திறந்து பல் தெரியும். இது வயலில் மேய்கிற குதிரையின் முகம் இல்லை. கடிவாளம் இழுத்ததும் கிளம்பக் காத்திருக்கிற குதிரையின் முகம். கழுத்தில் மணிச்சரம், நெற்றியில் பட்டை, முதுகில் சேணம் என்று பூட்டி முடித்து, ஏறுகிறவருக்காகத் தயாராக நிற்கிறது. ஏறுகிறவர் மட்டும் நம் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கு இந்தச் சிற்பங்களில் மிகவும் பிடித்தது அந்தக் காலி முதுகுதான்.

அடுத்து கால்கள். நான்கும் உருண்டு திரண்ட தூண்கள். உண்மைக் குதிரையின் மெல்லிய கால் இல்லையே என்று தோன்றும். மெல்லிய கால் வைத்தால் ஈர மண்ணில் செய்த அந்த வயிறு நிற்காது. பெரிய புரவிகளில் வயிற்றுக்கு அடியில் ஐந்தாவதாக ஒரு முட்டுத் தூண் இருக்கும், குனிந்து பாருங்கள். வேளார் காலிலிருந்து மேல்நோக்கிக் கட்டிக்கொண்டு போகிறார். கண்மாய் மண்ணோடு மணலும் உமியும் வைக்கோல் தூளும் சேர்த்து மிதித்துப் பிசைந்து, கயிறு போல உருட்டி, வளையத்தின் மேல் வளையமாக அடுக்கி, உள்ளே ஒரு கையும் வெளியே பலகையுமாகத் தட்டித் தட்டி உயர்த்துவார். கீழே வைத்தது கொஞ்சம் இறுகிய பிறகுதான் மேலே அடுத்தது. அதனால் ஒரு பெரிய புரவி ஒரே நாளில் எழுவதில்லை. கழுத்து வயிற்றோடு சேரும் இடத்தில் அந்த ஒட்டு தெரியும்; நல்ல வேளாரின் வேலையில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உடம்பில் ஆங்காங்கே துளைகள் இருக்கும். உடைந்துவிட்டதோ என்று நினைப்பீர்கள். உள்ளே முழுவதும் கூடு. சுடும்போது சூடும் ஆவியும் வெளியேற வழி இல்லாவிட்டால் சூளைக்குள்ளேயே வெடித்துச் சிதறிவிடும். அந்த வழிதான் துளை. நிழலில் பல நாள் காய வைத்து, விறகும் வறட்டியும் தேங்காய் மட்டையும் அடுக்கி, மேலே வைக்கோல் மூடி, மண் சேறு பூசி, நெருப்பு வைப்பார்கள். இத்தனை நாள் உழைப்பும் தேறியதா என்பது சூளை ஆறிய பிறகுதான் வேளாருக்குத் தெரியும்.

இப்போது உடைந்த ஒன்றைத் தேடுங்கள். தேட வேண்டியதே இல்லை, நிறையக் கிடக்கும். உடைந்த விளிம்பைக் கையில் எடுக்காமல் குனிந்து பாருங்கள். வெளிப்புறமும் உட்புறமும் சிவந்திருக்க, நடுவில் ஒரு கருங்கோடு ஓடும். மண்ணில் கலந்த உமியும் வைக்கோலும் முழுதாக எரிந்துபோகாமல் கரியாகத் தங்கியதன் அடையாளம் அது. சின்னச் சின்ன பள்ளங்கள் தெரியும். உமி எரிந்து காலியான இடங்கள். வயிறு பிளந்த புரவி ஒன்று கிடைத்தால் உள்ளே பாருங்கள். வெளியே பலகையால் வழித்து மெழுகியிருக்கிற அந்த உடம்பின் உட்சுவரில், யாரும் பார்க்கப் போவதில்லை என்று வழிக்காமல் விட்ட விரல் தடங்கள் வரிசையாக இருக்கும். ஐந்து விரலும் தெரியும். பெயர் போடாத சிற்பியின் கையெழுத்தைப் பார்க்கிறீர்கள்.

குதிரைகளோடு நிற்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். சுற்றிலும் மாடுகள் இருக்கும், கால்நடை நோய் தீர்ந்ததற்கு வைத்தவை. யானை இருக்கும். நாய் இருக்கும். கை, கால் உருவங்கள் தனியாகக் கிடக்கும். குழந்தை வேண்டி நேர்ந்து, பிறந்த பிறகு கொண்டுவந்து வைத்த பிள்ளை உருவங்கள் இருக்கும். எங்கள் பக்கம் மதலை என்பார்கள். ஒரு மழைக்கால மாலையில், புரவியின் கால்களுக்கு நடுவே ஒதுங்கியது போல நின்ற ஒரு மதலையை என் தங்கை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்தவர்களின் பிள்ளைக்கு இப்போது எத்தனை வயது இருக்கும் என்று மட்டும் கேட்டாள்.

பழையது எது, புதியது எது என்று பிரித்துப் பார்ப்பதும் எளிதுதான். சூளையிலிருந்து வந்த புரவிக்கு வெள்ளை அடித்து, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வண்ணம் தீட்டித்தான் கொண்டுவருவார்கள். இரண்டு மழையில் வண்ணம் கரையும். பிறகு செம்மண் நிறம், அதன் பிறகு பாசியும் கருமையும். கடைசியில் கால் புதைந்து, தலை சாய்ந்து, மரவேர்களுக்கு இடையே ஒரு செம்மேடு.

உடைந்தவற்றை எடுக்காதீர்கள்

இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். சென்னையிலிருந்து வந்த என் உறவினர் ஒருவர், கீழே கிடந்த புரவித் தலை ஒன்றைத் துண்டில் சுற்றி வண்டியில் வைத்துவிட்டார். திருடும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. "இப்படி அலட்சியமாகப் போட்டிருக்கிறார்களே, வீட்டில் வைத்துக் காப்பாற்றுகிறேன்" என்றார். என் அப்பத்தா அதைக் கேட்டதும் வண்டியைத் திருப்பச் சொன்னார். சாமிக்கு விட்ட குதிரை அது, ஓடி முடித்துவிட்டுப் படுத்திருக்கிறது, அதை எழுப்ப நீ யார் என்று கேட்டார். மூன்று பேருமாகத் திரும்பிப் போய், கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தோம்.

அலட்சியம் என்று உறவினர் சொன்னதைத்தான் முதன்முறை வருகிற பலரும் சொல்கிறார்கள். கூரை போடலாமே, வேதிப் பூச்சு பூசலாமே, அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகலாமே என்கிறார்கள். புரவி என்பது செய்து, சுமந்து, கொண்டுவந்து நிறுத்துகிற வேலை. நிறுத்திய கணத்தோடு மனிதர்களின் பங்கு முடிந்துவிடுகிறது. பிறகு மழையும் வெயிலும் வேரும் தங்கள் பங்கைச் செய்கின்றன. கண்மாயிலிருந்து எடுத்த மண் கண்மாய்க் கரைக்கே திரும்புகிறது. பழையது கரைவதால்தான் ஊர் மறுபடியும் வேளாரிடம் போகிறது, வேளார் வீட்டுப் பிள்ளை மறுபடியும் மண் மிதிக்கக் கற்றுக்கொள்கிறான். சில ஊர்களில் இனி உடையக் கூடாது என்று சிமெண்டில் குதிரை கட்டிவிட்டார்கள். அந்த ஊர்களில் அடுத்த முறை வேளாருக்கு வேலை இல்லை. அந்தக் குதிரைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

புரவியின் மேல் சாயாதீர்கள், குழந்தைகளை ஏற்றி உட்கார வைத்துப் படம் எடுக்காதீர்கள். முன்பு சொன்னபடி உள்ளே வெறும் கூடு. சரிந்தால் புரவியும் போகும், பிள்ளைக்கும் அடிபடும். புற்று இருக்கும் பக்கம் கால் வைக்க வேண்டாம். மேலே மரத்தில் தேனடை தொங்குகிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் எடுப்பதைப் பொறுத்தவரை, திடலில் நிற்பவற்றை எடுக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். கருவறையையும் கருப்பரையும் எடுக்காதீர்கள். பூசை நடக்கும்போது எதையுமே எடுக்காதீர்கள். நின்றபடி எடுத்தால் எல்லாப் படமும் முதுகாகவே வரும். முழந்தாளிட்டு, புரவியின் கண் உயரத்துக்கு வாருங்கள்.

புரவி எடுப்பு அன்று வாய்த்தால்

புதிய புரவிகளை ஊரார் சுமந்துபோய்க் கோயிலில் நிறுத்துகிற திருவிழாதான் புரவி எடுப்பு. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நாள். வைகாசி, ஆனி, ஆடி என்று மாறும். எல்லா ஊரிலும் ஆண்டுதோறும் நடப்பதும் இல்லை. மழை, விளைச்சல், ஊர் ஒற்றுமை மூன்றும் கூடி வர வேண்டும். ஊர் கூடிப் பேசி முடிவெடுத்த பிறகு, கோயில் இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வேளாரிடம் கொடுப்பார்கள். பிடிமண் கொடுப்பது என்று இதற்குப் பெயர். அந்த மண்ணைக் கலந்துதான் புரவி செய்யத் தொடங்குவார். தேநீர்க் கடையில் "பிடிமண் கொடுத்தாகிவிட்டதா?" என்று கேட்டால், உங்களுக்கு விவரம் தெரியும் என்று புரிந்துகொண்டு திருவிழா நாளைச் சொல்லிவிடுவார்கள்.

அன்று பிற்பகலிலேயே போய்விடுங்கள். புரவிகள் ஊர்ப் பொட்டலில் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு வேட்டி துண்டு கட்டி, மாலை போட்டிருப்பார்கள். ஊர்ப் பொதுவில் எடுக்கும் முதல் புரவிகளுக்கு அரண்மனைப் புரவி என்று பெயர். அவைதான் முன்னால் போகும். பின்னால் நேர்த்திக்கடன் புரவிகள், குடும்பம் குடும்பமாக. கம்பு கட்டித் தோளில் தூக்கிக் கிளம்பும்போது கொட்டும் குலவையும் சேர்ந்து எழும். சாமியாடி முன்னால் வருவார். பாதையின் குறுக்கே போகாதீர்கள், புரவிக்கு முன்னால் நின்று படம் எடுக்கப் பின்வாங்கிக்கொண்டே நடக்காதீர்கள்; சுமப்பவர்களுக்குத் தரை தெரியாது, கல்லும் முள்ளுமான பாதை, அவர்களும் வெறுங்கால்தான். ஓரமாக, வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டு நடந்தால் யாரும் உங்களை அந்நியராகப் பார்க்க மாட்டார்கள். வண்டியை ஊருக்கு வெளியே வெகு தூரத்தில் நிறுத்தியிருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் வேளார் வீடு

ஒரு சிறிய புரவி வாங்கிப் போக ஆசை இருந்தால், கோயிலில் கிடப்பதைத் தொடாமல், வேளார் தெருவுக்குப் போங்கள். கோயிலில் பூசாரியிடமே வழி கேட்கலாம். திருவிழாக் காலத்தில் அவர்களுக்குப் பேச நேரம் இருக்காது; மழைக்காலத்தில் மண் காயாது, வேலை நின்றிருக்கும். தை, மாசியில் போனால் சக்கரம் சுழல்வதையும் பார்க்கலாம். பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் பானை வேலை தலைக்கு மேல் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எடுத்துப் பார்க்கும்போது விரல் முட்டியால் வயிற்றில் தட்டுங்கள். கணீரென்றால் நன்றாக வெந்திருக்கிறது. பொத்தென்று ஒலித்தால் வேகவில்லை, அல்லது எங்கோ விரிசல். வீட்டுப் பெண்கள் பானை வாங்கும்போது செய்வதும் இதுதான். விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள். மண் எடுக்க, விறகு வாங்க, சூளையில் போனது போக மிஞ்சியதற்குத்தான் அவர் விலை சொல்கிறார்.

கொண்டுபோவதற்கு அவரையே கட்டித் தரச் சொல்லுங்கள். நாம் கட்டினால் உடம்பைச் சுற்றிக் காகிதம் சுற்றுவோம், உடைவது கால். வேளார் முதலில் நான்கு கால்களுக்கும் நடுவே வைக்கோலைத் திணித்து இறுக்குவார், காது இரண்டுக்கும் நடுவே ஒரு பிடி வைப்பார், பிறகுதான் மொத்தமாகச் சுற்றிச் சணல் கயிறு போடுவார். பஸ்ஸில் மேலே சாமான் தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து பிரித்ததும் வைக்கோலை உதறிவிட்டு, ஈரத் துணியால் துடைக்காமல், உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள்.